நல்லியக்கோடன் கனவு

ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடன் கண்டதாகச் சொல்லப்படும் கனவு. இவன் சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். பகைவரின் வலிமை கண்டு அஞ்சிய மன்னன் முருகனை வழிபட, முருகன் கனவில் தோன்றி, கேணியில் பூத்த பூவைப் பறித்துப் பகைவர்மேல் எறியச் சொன்னான். எறிந்த பூ வேலாயிற்று; ஊர் வேலூராயிற்று.

இக்கதையைச் சொல்பவர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரின் பாட்டில் வேல்நுனி போலப் பூத்த கேணி உண்டு, கனவு இல்லை. உவமையே கதையாக வளர்ந்திருக்கலாம்.

கனவை வருவதுரைக்கும் நிமித்தமாகவே பழைய மரபு பெரிதும் கொண்டது. பொன்னவனின் கனாநூல், இரவின் நான்கு யாமத்துக் கனவுகளும் முறையே 1 ஆண்டு, 8 திங்கள், 3 திங்கள், 10 நாளில் பலிக்கும் என்று கணக்கே போட்டுத் தருகிறது! சிக்மண்ட் ஃபிராய்டின் கனவு விளக்க நூல் (1899) கேள்வியைத் திருப்பியது: கனவு காட்டுவது நாளை நடப்பதை அல்ல, கண்டவரின் மறைந்த விருப்பத்தை. அவ்வழியில் படித்தால் இக்கனவின் மையம் வெற்றியன்று, அச்சம். தன் படை போதாது என்று பகலில் எவரிடமும் சொல்ல முடியாத மன்னன், இரவில் கைக்கெட்டும் கேணியிலேயே ஆயுதம் தேடுகிறான்.

இவ்வேலூரை மரக்காணத்தை அடுத்த உப்புவேலூராக அறிஞர் சிலர் அடையாளம் காண்கின்றனர். கோட்டையுள்ள வேலூர் வேறு.