வெலிங்டன் தீவின் ‘உள்ளூர் மக்கள்’ யார்?

கொச்சித் துறைமுகத்தின் நடுவே கிடக்கும் தீவைத் தமிழில் ‘வெலிங்டன் தீவு’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். ‘வில்லிங்டன்’ என்பதே சரியான வடிவம். 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண ஆளுநராகவும் பின்னர் வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர் அது. குன்னூரை அடுத்த வெலிங்டன் வேறு. அது வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற கோமகனின் பெயரைத் தாங்குவது. கொச்சியிலும் இரண்டையும் குழப்புவோர் உண்டு. அன்றாடப் பேச்சில் அது வெறும் ‘ஐலண்ட்’. மொழியியல் வழியாக வரலாற்றுக்குள் வந்தவருக்கு, இம்மூன்றில் எது சரி என்பதைக் காட்டிலும் எந்தப் பெயரை யார் சொல்கிறார்கள் என்பதே முக்கியமான கேள்வி. மரபுத்துறையில் பணியாற்ற வருவோர்க்கு உள்ளூர் மக்களோடு இணைந்து பணிபுரியப் பயிற்சியளிக்க வேண்டும் என்று இன்று பரவலாகப் பேசப்படுகிறது. அந்தப் பயிற்சி இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. (பெயர் வழக்குக்கு மதிப்பளித்து இனி நானும் வெலிங்டன் என்றே எழுதுகிறேன்.)

உலக மரபுக் குழு 2002இல் புடாபெஸ்டில் தன் இலக்குகளை ஆங்கிலத்தில் ‘சி’ என்னும் எழுத்தில் தொடங்கும் நான்கு சொற்களாக வகுத்தது: நம்பகத்தன்மை, பாதுகாப்பு, திறன் வளர்த்தல், தொடர்பாடல். மக்கள் சமூகங்கள் என்னும் ஐந்தாவது ‘சி’ 2007இல், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கூடிய அமர்வில்தான் சேர்ந்தது. வல்லுநர்களுக்குத் திறன் வளர்க்க வேண்டும் என்பது பட்டியலில் ஏறி ஐந்தாண்டுகள் கழித்தே மக்கள் ஏறினார்கள். இந்த வரிசை தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, மக்களைச் சேர்த்தாயிற்று. எந்த மக்களை? ‘உள்ளூர்ச் சமூகம்’ என்றவுடன், ஓரிடத்தில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றி நிற்கும் ஒரு கூட்டத்தை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். வெலிங்டன் தீவு அந்தக் கற்பனைக்கு அடங்காது. அதன் நிலத்தில் பெரும்பகுதிக்கு நூறு வயதுகூட நிறையவில்லை. பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ 1920இல் கொச்சிக்கு வந்தபோது, கழிமுகத்தில் குறுக்கே கிடந்த மணல்திட்டு பெரிய கப்பல்களை உள்ளே விடாமல் தடுத்தது. அவை வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்கைப் படகுகள் சுமந்தன. திட்டை வெட்டிக் கால்வாயை ஆழப்படுத்தியபின் 1928 மே 26 அன்று ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. தூர்வாரி எடுத்த மண்ணை, வெண்டுருத்தி என்ற பழைய சிறுதீவை ஒட்டிக் கொட்டிச் சுமார் 780 ஏக்கர் நிலம் ஆக்கினார்கள். ஆளுநரின் பெயர் புதுமண்ணுக்குக் கிடைத்தது. பழைய தீவின் பெயரை இன்று கடற்படைத் தளமும் தாங்கி நிற்கிறது.

பிரிஸ்டோ தன் அனுபவத்தை 1959இல் ‘கொச்சின் சாகா’ என்ற நூலாக எழுதினார். தீவின் வரலாறு எழுதப் புகும் எவரும் முதலில் எடுப்பது அந்நூலைத்தான்; நானும் அப்படியே தொடங்கினேன். ஆனால் கப்பல்துறையில் சரக்கைத் தூக்கி இறக்கியவர்களின் வரலாறு எதிர்க்கரையில், மட்டாஞ்சேரியின் சந்துகளில் இருக்கிறது. அதன் மையச் சொல் ‘சாப்பா’. அன்றைய வேலைக்கான உலோக வில்லைகளை ஆள்பிடிக்கும் மூப்பன்மார் கூட்டத்தின் நடுவே வீசியெறிவார்கள். முட்டி மோதிப் பொறுக்கியவருக்கு வேலை, மற்றவர் அன்று பட்டினி. போர்த்துகீசிய மொழியில் ‘சாபா’ என்றால் உலோகத் தகடு. இந்தியில் ‘சாப்’ என்றால் முத்திரை. அந்த வில்லைக்கு இரு பொருளும் பொருந்துகின்றன. இம்முறைக்கு எதிரான போராட்டத்தின் உச்சத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சையது, சைதலவி இருவரும் சுடப்பட்டு இறந்தார்கள்; ஆண்டனி பின்னர்க் காவலர்களின் சித்திரவதைக்குப் பலியானார். இந்த நினைவைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்ததில் கே. எம். சிதம்பரனின் ‘துறமுகம்’ நாடகத்துக்கும், அதன் அடிப்படையில் ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளியான திரைப்படத்துக்கும் பெரும்பங்கு உண்டு. மரபுத்துறை செய்திருக்க வேண்டிய வேலையை நாடகக்காரர்கள் செய்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

தீவின் கதை அத்தோடு நிற்கவில்லை. 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் முனையம் திறக்கப்பட்டதும் சரக்குப்பெட்டகப் பணி வெலிங்டன் தீவை விட்டு அங்கே நகர்ந்தது. அம்முனையத்துக்குச் சாலை முதலிய இணைப்புகள் அமைப்பதற்காக 2008இல் மூலம்பிள்ளி முதலான இடங்களில் 316 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஆகவே தீவின் ‘உள்ளூர் மக்கள்’ தீவில் இல்லை. மட்டாஞ்சேரியிலும் மூலம்பிள்ளியிலும் பிரிந்து கிடக்கிறார்கள். மரபுச்சின்னத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து அதற்குள் இருப்போரைச் சமூகம் எனக் கணக்கெடுக்கும் பயிற்சிக்கு இவர்கள் எவரும் அகப்பட மாட்டார்கள்.

வட்டத்துக்குள் இருப்போரின் நிலையும் எளிதன்று. ‘டச்சு அரண்மனை’ எனப் பெயர்பெற்ற மட்டாஞ்சேரி அரண்மனையைக் கட்டியவர்கள் போர்த்துகீசியர். 1663இல் பழுதுபார்த்தவர்கள் டச்சுக்காரர். அதில் முடிசூடியவர்கள் கொச்சி அரசர்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்ப 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடைவிதிக்கிறது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றாக வேண்டும். நெருக்கமாக வீடுகள் அமைந்த பழைய பேட்டையில் இதன் விளைவு என்ன? குடியிருப்பவர் மரபுத்துறை அலுவலரை முதன்முதலில் சந்திப்பதே ஒழுகும் கூரைக்கு அனுமதி கேட்டு நிற்கும்போதுதான். சட்டத்தின் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் ‘முடியாது’ என்ற சொல்லில் தொடங்கிய உறவை எப்படி உரையாடலாக மாற்றுவது என்பது, சுண்ணாம்புக் காரை அரைப்பதைப் போலவே, கற்றுத் தேர வேண்டிய தொழிற்திறன். அதற்குப் பாடவேளை ஒதுக்க வேண்டும்.

கேட்கத் தெரிந்தவர்கள் என்ன மீட்டெடுக்க முடியும் என்பதற்கும் சான்று மட்டாஞ்சேரியிலேயே இருக்கிறது. 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தின் நீலவண்ணச் சீனத்து ஓடுகளைப் பயணிகள் நெடுங்காலமாக வியந்திருக்கிறார்கள். அதே காலமெல்லாம் கேரளத்து யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடல்கள் பாடி, அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்குக் கொடுத்து வந்தார்கள். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தபோது குறிப்பேடுகளும் உடன் சென்றன. பி. எம். ஜூசே, ஷெர்லி ஐசன்பர்க், பார்பரா ஜான்சன் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்தார்கள்; ஸ்கறியா சக்கறியாவும் ஓஃபிரா கம்லியேலும் பதிப்பித்த மலையாள-எபிரேயத் தொகுதி 2005இல் எருசலேமில் வெளிவந்தது. மூதாட்டிகளோடு பல்லாண்டு பழகியதன் பயன் அது. ஒருநாள் ஆய்வுக்கூட்டத்தில் வினாப்படிவம் கொடுத்துப் பெற்றிருக்கக்கூடியது அன்று.

தமிழ் ஆய்வாளர்களுக்கு இதில் தனிக்கடன் ஒன்று உண்டு. கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள டோபிகானாவில் துவைப்பவர்கள் தமிழ் வண்ணார் சமூகத்தினர். டச்சுப் படையினரின் சீருடைகளை வெளுக்கத் தம் முன்னோர் அழைத்துவரப்பட்டதாக அவர்கள் வரலாறு சொல்கிறார்கள். இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகி, கவ்வி எதுவுமின்றிக் காயவைக்கும் அவர்களது முறையைப் புகைப்படமெடுக்காத பயணியே இல்லை. கொச்சியின் டச்சு ஆவணங்களோ பிற்காலத்தில் சென்னைக்கு வந்து, எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காகிதம் தமிழகத்தில், தமிழர் கொச்சியில். அந்தக் கயிற்றுக்கும் கல்தொட்டிக்கும் கஞ்சிக்கும் அவர்கள் வழங்கும் சொற்களை ஒலிப்பதிவு செய்து, ஆவணங்களோடு ஒப்புநோக்கும் வேலையை முதுகலை மாணவர் இருவர் ஓராண்டில் தொடங்கிவிடலாம்.

கொச்சிக்கு அருகிலேயே, திருப்பூணித்துறை ஹில் பேலஸ் வளாகத்தில் மரபியல் ஆய்வு மையம் இயங்குகிறது. அங்கே தொல்லியல், பாதுகாப்பியல், அருங்காட்சியகவியல் கற்பிக்கப்படுகின்றன. இத்தகைய படிப்பு எங்கு நடந்தாலும் சிலவற்றை வற்புறுத்துவேன். மாணவர் களத்துக்குப் போகுமுன் அப்பகுதியில் புழங்கும் மொழிகளின் பட்டியல் கையில் இருக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் மலையாளம் மட்டும் போதாது, கொங்கணியும் தமிழும் கச்சியும் குஜராத்தியும் தக்கணி உருதும் அங்குண்டு. காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் சங்கத் தலைவர்களும் வணிகர்களும் வருவார்கள், சுமைதூக்குவோர் வரமாட்டார்கள் என்பதைச் சொல்லித்தர வேண்டும். தகவல் சொன்னவரிடம் எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய்ப் படித்துக்காட்டாத அறிக்கைக்கு மதிப்பெண் தரக்கூடாது.

இதில் காலதாமதத்துக்கு இடமில்லை. 1953இல் இருபது வயதில் வில்லைக்காகக் கையேந்தி நின்றவர் இன்று தொண்ணூறைக் கடந்திருப்பார். மட்டாஞ்சேரியில் அப்படியொருவர் எதிரே உட்கார நேர்ந்தால், துறைமுக வரலாற்றில் பிரிஸ்டோவின் இடம் பற்றிக் கேட்க வேண்டாம். வில்லை எங்கே வீசப்பட்டது, எந்தப் பக்கம் நின்றால் கைக்குக் கிட்டும், கிட்டாத நாளில் படகேறி எத்தனை மணிக்கு வீடு திரும்புவார்கள் என்று கேட்கலாம்.