கோழிகள் காப்பாற்றிய மாத்திரை

கியோட்டோ தானியக் கடை ஒன்றிலிருந்து எடுத்து வந்த அரிசியில் நீலப்பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. வீட்டில் என்றால் நேரே குப்பைக்குப் போயிருக்கும். டோக்கியோவின் சாங்க்யோ மருந்து நிறுவனத்தில் அகிரா எண்டோ அதைப் பத்திரமாக வளர்த்தார்.

எண்டோ 1933-ல் வட ஜப்பானின் அகிதாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். காளானும் பூஞ்சையும் சின்ன வயதிலேயே பிடித்த பைத்தியம். 1966 முதல் 2 வருடம் நியூயார்க்கில் ஆராய்ச்சி செய்தபோது, மாரடைப்பு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ்கள் ஓடுவதை அடிக்கடி பார்த்தார். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டில் வருவதல்ல, உடம்பே தயாரிப்பது. அந்தத் தயாரிப்பை முடுக்குகிற நொதியை அடைத்துவிட்டால்? எதிரி நுண்ணுயிரியை ஒழிக்க ஏதோ ஒரு பூஞ்சை அப்படிப்பட்ட பூட்டை வைத்திருக்கும் என்று கணக்குப் போட்டார்.

1971-ல் தேடல் தொடங்கியது. 2 வருடத்தில் சுமார் 6,000 நுண்ணுயிரிகள். முதலில் அகப்பட்டது எலிகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1973-ல் அந்த அரிசிப் பூஞ்சணம், நொதியை அடைக்கும் காம்பாக்டின் என்ற பொருளைக் கொடுத்தது.

எலிகளுக்குக் கொடுத்தார்கள். கொலஸ்ட்ரால் அசையவில்லை.

வேறொரு கம்பெனியாக இருந்தால் கோப்பை மூடியிருப்பார்கள். இங்கேயும் கிட்டத்தட்ட அந்த நிலைதான். அப்போதுதான் சக ஆராய்ச்சியாளர் நோரிதோஷி கிதானோவிடம் முட்டையிடும் கோழிகள் இருப்பது எண்டோவுக்குத் தெரியவந்தது. ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அதை அன்றாடம் உண்டாக்குகிற கோழியின் ரத்தத்தில் இல்லாமலா போகும்? 1976-ல் தீவனத்தோடு மருந்தைக் கலந்தார்கள். கொலஸ்ட்ரால் ஏறத்தாழ பாதியாக இறங்கியது. கோழிகள் வழக்கம்போல் தின்றன, வழக்கம்போல் முட்டையிட்டன. எலி ஏமாற்றியதற்குக் காரணம் பின்னால் தெரிந்தது: நொதியை அடைத்தால் அதன் ஈரல் அதே நொதியை இன்னும் அதிகமாகச் செய்து ஈடுகட்டிவிடுகிறது.

1978-ல் ஒசாகாவில் மருத்துவர் அகிரா யமமோட்டோ, பரம்பரையாகவே கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த 18 வயதுப் பெண்ணுக்குக் காம்பாக்டினைக் கொடுத்தார். அளவு குறைந்தது, ஆனால் தசை தளர்ந்தது. மருந்தை நிறுத்தி, பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்கினார். ஸ்டாட்டின் எனப்படும் இந்த வகை மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள் கால் வலி என்றால் டாக்டர்கள் இன்றும் காது கொடுப்பது இதனால்தான்.

நாய்களில் பக்கவிளைவு தெரிந்ததும் 1980-ல் சாங்க்யோ காம்பாக்டினைக் கைவிட்டது. அதற்குள் எண்டோ நிறுவனத்தை விட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அங்கே 1979-ல் வேறொரு பூஞ்சையிலிருந்து மொனாகோலின் கே என்ற பொருளைப் பிரித்தார். அமெரிக்காவின் மெர்க் நிறுவனமும் தனியாக ஒரு பூஞ்சையிலிருந்து ஒன்றை எடுத்திருந்தது. ஒப்பிட்டால் இரண்டும் ஒரே மூலக்கூறு. 1987-ல் அதற்கு லோவாஸ்டாட்டின் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது மெர்க்.