ஓப்பன்மோசிக்சும் பழைய கணினிக் கொத்துகளும்

ஓப்பன்மோசிக்ஸ் என்பது லினக்ஸ் கருநிரலில் (கெர்னலில்) சேர்க்கப்பட்ட ஓர் ஒட்டு. வலையமைப்பில் இணைந்த பல கணினிகளை இது ஒரே கணினிபோல் இயங்கச் செய்தது. ஒட்டு (பேட்ச்) என்பது மூலநிரலில் எந்த வரியை நீக்குவது, எதைச் சேர்ப்பது என்று கூறும் கோப்பு.

கணினிக் கொத்துக்கு ஒட்டு கட்டாயமன்று. 1994-இல் நாசாவின் கோடார்டு மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்டு பெக்கரும் 16 செயலிகளைக் கொண்டு அமைத்த பேவுல்ஃப் கொத்து லினக்சிலேயே இயங்கியது. சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004-இல் 144 கணுக்களுடன் அமைத்த கப்ருவும் இவ்வகையே. இம்முறையில் நிரலை எழுதுபவரே வேலையைப் பங்கிட்டு, கணினிகளுக்கிடையே செய்தி அனுப்ப வேண்டும். கப்ருவில் இருந்தவை ஒரே வகைப் புதிய கணினிகள். கழித்துப்போட்ட கணினிகளோ ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1997-இல் தொடங்கிய 'ஸ்டோன் சூப்பர் கம்ப்யூட்டர்' அப்படிச் சேர்ந்தது. 2001 மே மாதத்தில் அதிலிருந்த 133 கணுக்களில் 75 கணுக்கள் 486 வகைக் கணினிகள்! மெதுவான கணினிக்குக் குறைவாகவும் வேகமானதற்கு அதிகமாகவும் வேலை தர, அதன் நிரல்களைத் தனியே எழுத வேண்டியிருந்தது.

இந்தச் சுமையைக் கருநிரலே ஏற்கட்டும் என்பதுதான் மோசிக்சின் கொள்கை. எபிரேயப் பல்கலைக்கழகத்தில் அம்னான் பராக் 1970-களின் இறுதியில் பிடிபி-11 கணினிகளில் தொடங்கிய பணி, 1999-இல் லினக்சுக்கு வந்தது. 2001-இல் உரிமம் மாறியதும், மோஷே பார் 2002 பிப்ரவரியில் கட்டற்ற கிளையாக ஓப்பன்மோசிக்சைத் தொடங்கினார். ஒரு கணினியில் சுமை ஏறினால், ஓடிக்கொண்டிருக்கும் செயல் தானாகவே ஓய்வாக உள்ள கணினிக்கு இடம்பெயரும். நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் கருநிரலைத் தேர்ந்தெடுப்பதில் சுதந்திரம் போய்விட்டது. ஒவ்வோர் ஒட்டும் 2.4 வரிசையின் ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கே பொருந்தும். வெளியீட்டாளர்கள் தங்கள் மாற்றங்களோடு தந்த கருநிரலில் அது சரியாக ஒட்டாது. மாற்றமில்லாத மூலநிரலையே இறக்க வேண்டும். எல்லாக் கணுக்களிலும் ஒரே பதிப்பு வேண்டும். பென்டியம் 3-க்காகத் தொகுத்த கருநிரல் 486-இல் எழும்பாது; எனவே கொத்திலேயே தாழ்ந்த செயலிக்காகத் தொகுக்க வேண்டும். அதையும் இருப்பதில் வேகமான கணினியில் தொகுத்துப் பிறவற்றில் நகலெடுப்பதே அறிவுடைமை. பழைய கணினியில் தொகுத்தால் பொழுது விடிந்துவிடும். குறுவட்டிலிருந்தே இயங்கிய கிளஸ்டர்நாப்பிக்ஸ் இத்தொல்லையைப் பெரிதும் குறைத்தது.

இடம்பெயர்ந்த செயலுக்கும் ஒரு கயிறு உண்டு. கோப்பைப் படிப்பது போன்ற பல அழைப்புகள் புறப்பட்ட கணினிக்கே திரும்பி வரும். எனவே கணக்கீடு மிகுந்த தனித்தனிச் செயல்கள் பல இருந்தால் நல்ல பயன் கிடைத்தது. நினைவகத்தைப் பகிரும் நிரல்களும், பல இழைகள் கொண்டவையும் இடம்பெயரவே இல்லை.

இதற்கிடையே லினக்ஸ் 2.6 வந்தது. அதற்கான ஒட்டு சோதனை நிலையைத் தாண்டவில்லை. மலிவான பல்கருச் செயலிகள் பெருகிவிட்டதைக் காரணம் காட்டி, திட்டத்தை முடித்துக்கொள்வதாக 2007 ஜூலையில் மோஷே பார் அறிவித்தார். 2008 மார்ச் 1-இல் அது நின்றது. பராக்கின் மோசிக்ஸ் தொடர்ந்தது. 2014-இல் வந்த அதன் நான்காம் பதிப்புக்குக் கருநிரல் ஒட்டே தேவைப்படவில்லை.