பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்

ஹக்ஸ்லியின் மெஸ்கலின் அனுபவத்தைப் பற்றி நம் வட்டத்தில் பேசாதவர் குறைவு. 1953இல் அவருக்கு அதைக் கொடுத்த ஹம்ப்ரி ஆஸ்மண்டின் பெயரும் சிலருக்குத் தெரிந்திருக்கும். 'சைகடெலிக்' என்ற சொல்லை உண்டாக்கிய மனநோய் மருத்துவர் அவர். அப்போது அவர் வேலை பார்த்தது கனடாவில், வெய்பர்ன் என்ற சிற்றூரின் பெரிய மனநோய் மருத்துவமனையில். அங்கே குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்தார்கள். கொடுத்த பிறகு அவர்கள் அருகே நாள் முழுதும் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று நாம் கேட்டதில்லை.

என் சித்தி கேட்டாள். பாகூரில் இருக்கிறாள், முப்பது வருஷம் நர்ஸ், பாதிக்கு மேல் மனநோயாளிகள் வார்டில். நான் ஹக்ஸ்லியை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "அதெல்லாம் சரிடா, நடுவுல அந்த ஆளு பயந்துக்கிட்டா கூட யாரு இருந்தாங்க?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தேடியதில் கே பார்லி கிடைத்தார்.

பார்லி வெய்பர்னில் முதலில் நோயாளி. அவருடைய தகப்பனும் பாட்டனும் அங்கே இருந்தவர்கள்தாம். தேறி வெளியே வந்து, பிறகு அதே இடத்துக்கு மனநோய் நர்ஸாகத் திரும்பினார். எல்.எஸ்.டி. நாளன்று நோயாளிக்குத் துணையிருப்பது பற்றி 1964இல் அமெரிக்க நர்ஸிங் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். சில பக்கங்களே வரும் கட்டுரை. ஹக்ஸ்லியின் புத்தகத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டியது என்பது என் அபிப்பிராயம். ஹக்ஸ்லிக்குத் தன் பிரக்ஞையின் விரிவு முக்கியம். விரிவதெல்லாம் ஆனந்தமல்ல என்று பார்லிக்குத் தன் உடம்பிலேயே தெரியும்.

இந்த மறதி நமக்கும் பழையது. பாகூரில் நிருபதுங்கவர்மன் காலத்து வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாயின. கற்றவர்களுக்குச் செப்பேடு கிடைத்தது. பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திரனின் திருமுக்கூடல் கல்வெட்டு 15 கட்டில் கொண்ட ஆதுலர் சாலையைச் சொல்கிறது. வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று பெயர் இருக்கிறது. நோயாளிக்கு மருந்து பக்குவம் செய்து கொடுத்த பெண்கள் இருவர். அவர்களுக்குக் கூலி உண்டு, பெயர் இல்லை. (கத்தி வைத்தவனுக்கும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்.)

மருந்தின் சரித்திரம் மட்டும் துல்லியமாகக் கிடைக்கிறது. பைத்தியத்துக்கு நம் நாட்டில் கொடுத்துவந்த சர்ப்பகந்தி வேரைப் பற்றிக் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931இல் எழுதினார்கள். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. அது மயக்கக் காட்சி தருவதல்ல, அடக்குவது. அதையும் அதே சமயத்தில் வந்த குளோர்ப்ரோமசினையும் கொண்டு வார்டுகள் அமைதியாயின. அமைதியானதும், உட்கார ஆள் வேண்டாம் என்று ஆயிற்று என்பது சித்தியின் கட்சி. எனக்கு முழு சம்மதமில்லை. அந்த மாத்திரைகளால் வீடு திரும்பியவர்கள் ஏராளம். ஆனால் 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் 28 பேர் எரிந்து போனதைச் சொல்லும்போது என் வாதம் நிற்பதில்லை. மனிதர் இருக்க வேண்டிய இடத்தில் சங்கிலி இருந்தது. சங்கிலியைச் சட்டம் 2017இல் விலக்கியது. பக்கத்தில் ஆளை வைப்பதற்குச் சட்டம் போதாது.

1985இன் சட்டப்படி எல்.எஸ்.டி. இங்கே தடை செய்யப்பட்டது. ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் சைலோசைபினை, வேறு மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்குக் கொடுக்க மனநோய் மருத்துவர்களுக்கு அனுமதி தந்தது. அந்தச் சிகிச்சையில் செலவு பிடிப்பது மருந்தைவிட, கூட இருக்கும் ஆட்களின் மணிக்கணக்கு. சித்திக்கு இதைச் சொன்னேன். ஆச்சரியப்படவில்லை.

போன மாதம் வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போயிருந்தோம். குளத்தருகே ஒரு பெண் தலைவிரிகோலமாக எதையோ திட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் போலிருந்தவன் அவள் கையைப் பிடித்திழுத்துக் களைத்திருந்தான். "விடுப்பா, கொஞ்ச நேரம் நான் பாத்துக்கறேன்" என்று சித்தி போய் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். பேசவில்லை, தொடவில்லை. முக்கால் மணிக்குப் பிறகு அந்தப் பெண் தண்ணீர் கேட்டாள். நாங்கள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம்.