செஞ்சிக் கோட்டையின் தளவாடச் சேமிப்பு

செஞ்சிக் கோட்டையின் தளவாடச் சேமிப்பு என்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டையில் உணவு, நீர், எண்ணெய், படைக்கலன், வெடிமருந்து ஆகியவற்றைத் திரட்டி வைக்கவும் பகிர்ந்தளிக்கவும் செய்யப்பட்டிருந்த ஏற்பாடுகளைக் குறிக்கும். செஞ்சியைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் மதில்களின் உயரத்தையும் தேசிங்கு ராசனின் வீரத்தையுமே பேசுகின்றன. ஆயினும் 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகை 1698 வரை நீண்டதற்கு மதில்களைப் போலவே களஞ்சியங்களும் காரணமாகும்.

கிடங்குகள்

கோட்டை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதில்களையும் கொண்டது. மதில்களின் மொத்தச் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இராசகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர்.

இராசகிரியின் அடிவாரத்தில் உள்கோட்டைக்குள், கல்யாண மகாலுக்கு அருகில், தடித்த சுவர்களும் வளைவுக் கூரையும் கொண்ட பெரிய தானியக் களஞ்சியங்கள் உள்ளன. மலையுச்சியிலும் தனியாக ஒரு களஞ்சியம், கருவூலம், வெடிமருந்துக் கிடங்கு ஆகியவை இருக்கின்றன. கிருட்டிணகிரியின் மேல் களஞ்சியங்களுடன், எண்ணெயும் நெய்யும் சேமிக்கப்பட்டதாகக் கூறப்படும் கல் தொட்டிகளையும் காணலாம். உள்ளூர் மக்கள் இவற்றை எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்பர்.

இவ்வாறு கிடங்குகளைப் பிரித்து வைத்ததில் ஒரு தெளிவான கணக்கு உள்ளது. அடிவாரக் களஞ்சியம் அன்றாடப் பயன்பாட்டுக்கு எளிது. ஆனால் கீழ்க்கோட்டை வீழ்ந்தால் அதுவும் பகைவர் கைக்குப் போய்விடும். உச்சியில் உள்ள இருப்பு இறுதிக்காப்பு. இராசகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே சுமார் 20 மீட்டர் ஆழமுள்ள பாறைப் பிளவு ஒன்று உள்ளது. அதன் மேலிருந்த மரப்பாலத்தை அகற்றிவிட்டால் மேலே இருப்போரை நெருங்குவது மிகக் கடினம். மேலே உணவும் நீரும் இல்லாவிடில் இந்தப் பிளவு காப்பாக அமையாமல் சிறையாகவே அமைந்திருக்கும்.

நீர்

அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம் ஆகியவை உள்ளன. கல்யாண மகாலுக்கு நீர் சுடுமண் குழாய்கள் வழியாகக் கொண்டு செல்லப்பட்டது. குன்றுகளின் மேல் பாறைச் சுனைகளும் மழைநீர்த் தேக்கங்களும் பயன்பட்டன. சுற்றுப்புறம் ஏரிப்பாசனத்தை நம்பிய பகுதியாகும். இராசசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் அமைந்துள்ள பனமலையிலும் குன்றையொட்டிப் பெரிய ஏரி ஒன்று உள்ளது. ஏரி நிரம்பிய ஆண்டில் களஞ்சியமும் நிரம்பும் என்பதால், கோட்டையின் வலிமை ஓரளவு பருவமழையைச் சார்ந்தே இருந்தது.

சுமைக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டாக, 1,000 பேர் கொண்ட காவற்படையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 750 கிராம் அரிசி எனக் கொள்வோம். ஓராண்டுத் தேவை ஏறத்தாழ 274 டன். இந்த அரிசி 10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் கொண்ட ஒரே அறையில் ஏறக்குறைய அடங்கிவிடும். எனவே இடம் பெரிய சிக்கலன்று. ஆனால் தலைச்சுமை ஒன்றுக்கு 40 கிலோ என வைத்தால், அதனை மலைமேல் ஏற்ற 6,800க்கும் மேற்பட்ட நடைகள் வேண்டும். அரிசியாக வைக்காமல் நீண்ட நாள் கெடாத நெல்லாக வைத்தால் எடை ஒன்றரை மடங்காகும். முற்றுகை தொடங்கிய பின் செய்யக்கூடிய வேலையன்று இது.

கௌடலீயரின் அர்த்தசாத்திரம் கோட்டையில் பல்லாண்டுகளுக்குப் போதுமான பொருள்களைச் சேமிக்கவும், பழைய இருப்பை எடுத்துப் புதியதை வைத்துக்கொண்டே இருக்கவும் அறிவுறுத்துகிறது. திருக்குறளின் அரண் அதிகாரமும் உணவையும் தேவையான பொருள்களையும் அரணின் இலக்கணங்களுள் சேர்க்கிறது.

தானியச் சேமிப்பு கோட்டைகளுக்கு மட்டும் உரியதன்று. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் தஞ்சை நாயக்கர் காலத்தில் (1600-1634) கட்டப்பட்ட களஞ்சியம் 3,000 கலம் கொள்ளக்கூடியது.

முற்றுகையும் கொள்முதலும்

சிவாசி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றினார். அவருடைய மகன் இராசாராம் இங்கு வந்து தங்கியதால், 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் கோட்டையை முற்றுகையிட்டார்.

இரு தரப்பினரும் கடற்கரையிலிருந்த ஐரோப்பியரை நாட வேண்டியிருந்தது. சுல்பிகார்கான் சென்னையிலிருந்த ஆங்கிலேயரிடம் வெடிமருந்து கேட்டுப் பெற்றார். பணத்தேவையில் இருந்த மராத்தியரோ 1690இல் கடலூருக்கு அருகிலிருந்த தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றனர். பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள நிலமும் விற்பனையில் அடங்கும் என்பது உடன்பாடு. அவ்வாறு சேர்ந்த ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. ஒரு கோட்டையைக் காக்க இன்னொரு கோட்டை விலைபோனது வியப்புக்குரியது.

முதலில் பசிக்கு ஆளானது முற்றுகையிட்ட படையே. 1692 இறுதியில் சாந்தாசி கோர்படே, தனாசி சாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் வந்து, முகலாயப் பாசறைக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்தன. காஞ்சிபுரத்து பவுச்தாரான அலி மர்தான்கான் சிறைபிடிக்கப்பட்டார். பாசறையில் பஞ்சம் ஏற்பட்டது. ஔரங்கசீப்பின் மகன் காம்பக்சு மராத்தியருடன் மறைவாகத் தொடர்பு கொண்டதாகக் கருதப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். 1693 சனவரியில் முகலாயர் இழுத்துச் செல்ல இயலாத பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினர்.

அடுத்த ஆண்டு சுல்பிகார்கான் தஞ்சாவூர் வரை சென்று கப்பம் திரட்டினார். படைக்குக் கூலி கொடுக்காமல் முற்றுகை நடவாது. கோட்டை 1698இல் வீழ்ந்தது. அதற்கு முன்பே இராசாராம் தப்பிச் சென்றார். சுல்பிகார்கான் வேண்டுமென்றே காலம் தாழ்த்தினார் என்ற ஐயமும் அக்காலத்திலேயே இருந்தது.

நிகழ்பட ஆட்டங்களில்

கோட்டை முற்றுகையை இன்று பல மாணவர்கள் முதலில் அறிவது வியூக நிகழ்பட ஆட்டங்கள் வழியாகவே. ஏச் ஆஃப் எம்பயர்சு 2 ஆட்டத்தில் 2022 முதல் திராவிடர் என்னும் பிரிவும் உள்ளது. அதன் சந்தையில் ஒரு பொருளை வாங்க வாங்க விலை ஏறும், விற்க விற்க இறங்கும். இது நடைமுறைக்கு ஒத்தது. ஆனால் ஒரு வீரனை உருவாக்கும்போது மட்டுமே உணவு செலவாகிறது. அதன்பின் அவன் எத்தனை நாள் நின்றாலும் உண்பதில்லை. இந்த விதிப்படி 1693ஆம் ஆண்டுப் பின்வாங்கல் நிகழவே முடியாது.

1990இல் தொடங்கிய ஃபயர் எம்பிளம் என்னும் கற்பனை வியூக ஆட்டத் தொடர் இவ்வகையில் சற்று மேம்பட்டது. அதன் பெரும்பாலான பதிப்புகளில் ஆயுதங்கள் தேய்ந்து உடையும். ஒருவர் சுமக்கும் பொருள்களுக்கும் வரம்பு உண்டு. கடையில் எதை வாங்குவது என்பது போருக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியதாகும்.

இன்றைய நிலை

கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2025 சூலையில் யுனெசுக்கோ, மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. இராசகிரி உச்சியில் பழைய பீரங்கி ஒன்று இன்றும் உள்ளது. அதைக் காண ஏறுவோர் குடிநீரைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.