பீப்பாவும் குழாயும்: ஒரு கசப்பின் வரலாறு

சுவை என்பது நாவிற்கு மட்டுமே உரியதென நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால், ஒரு சமுதாயத்தின் உற்பத்தி முறையும் உடைமை உறவும் அதன் மக்களின் நாவையுங்கூட உருவாக்குகின்றன. ஆங்கிலத் தொழிலாளரின் மாலைப்பொழுதோடு நெடுங்காலம் பிணைந்திருந்த 'பிற்றர்' எனும் கசப்பு ஏல் இதற்குத் தக்க சான்றாகும். மதுவைப் போற்றுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு குவளையுள் அடங்கிய வரலாற்றை ஆராய்தலே நோக்கம்.

பிற்றர் இரு வழிகளில் தவறணைக்கு வருகின்றது. பீப்பாவில் வருவது உயிருள்ள பானம். அதனுள் மதுவம் இன்னும் தொழிற்பட்டுக்கொண்டிருக்கும். 9 கலன் கொள்ளும் பீப்பாவை நிலவறையிற் கிடத்தி, மிகையான வாயுவை வெளியேறவிட்டு, மண்டி படியும்வரை காத்திருப்பர். பின்னர், கைப்பம்பியின் பிடியை இழுக்க, வாயுவின் உந்துதலின்றியே பானம் மேலேறும். இத்தகைய பம்பிக்கு யோசப் பிராமா 1797இல் ஆக்கவுரிமை பெற்றார். ஏறத்தாழ 12 பாகை செல்சியஸில் அருந்துகையில், முளைத்த வாற்கோதுமையின் பிஸ்கோத்துச் சுவை முதலில் தோன்றும். அடுத்து ஹொப் பூவின் மண்ணும் புல்லும் கலந்த மணம். ஈற்றில் நெடிது நிற்கும் கசப்பு. குழாயில் வரும் பானமோ, 1960களில் பரவிய முறைப்படி, வடிகட்டப்பட்டு, மதுவம் அழியச் சூடாக்கப்பட்டு, உலோகக் கலத்திலிருந்து காபனீரொட்சைட்டால் உந்தப்படுவது. குளிர்ச்சி மணத்தை அடக்கும். வாயு நாவைக் குத்தும். கசப்பு விரைவில் மறையும்.

இக்கசப்பு ஆங்கில மண்ணில் ஆதிதொட்டு இருந்ததன்று. ஹொப் கலந்த பியர் 15ஆம் நூற்றாண்டளவிற் கடல்கடந்து அங்கு வந்தது. அதற்குமுன் ஹொப் சேராத ஏலைப் பெண்கள் தம் வீடுகளிற் காய்ச்சி விற்றனர். அது சில நாட்களிற் புளித்துவிடும். ஹொப்பின் பிசினோ கசப்பைத் தருவதோடு பானத்தைக் கெடாமலுங் காக்கும். கெடாத பொருள் தொலைதூரம் செல்லும்; தொலைதூரச் சந்தைக்குப் பெருமுதல் வேண்டும். காலப்போக்கிற் காய்ச்சுதல் பெண்களின் கையை விட்டு, முதலுடையோரின் ஆலைக்குப் பெயர்ந்தது.

அவ்வாலைகளுக்குப் பூக்கொய்தவர் யார்? ஆண்டுதோறும் செப்டெம்பரில் கிழக்கு இலண்டனின் ஏழைக் குடும்பங்கள் கென்ற் மாவட்டத் தோட்டங்களுக்குச் சென்றன. பெண்களும் சிறுவருமே அவர்களுட் பெரும்பாலோர். கொட்டில்களில் உறங்கினர், கொய்த பூவின் அளவுக்கேற்பக் கூலி பெற்றனர். அளப்பவன் பூவை அமுக்கி அளந்தாற் கூலி குறையும். ஜோர்ஜ் ஓர்வெல் 1931இல் தாமே அங்கு சென்று பூக்கொய்து, அவ்வாழ்வை எழுதிவைத்தார். 1853 ஒக்டோபர் 20ஆம் நாள், வெள்ளம் பெருகிய மெட்வே ஆற்றின் ஹாட்லேக் பாலத்திற் கொய்வோரை ஏற்றிச்சென்ற வண்டி கவிழ்ந்து 30 உயிர்கள் மடிந்தன. குவளையிற் கமழும் மணத்தின் பின்னே இக்கைகளும் இவ்வுயிர்களும் உள.

இரண்டாம் உலகப் போரின் பின் ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கலாயின. 1960களின் இறுதியில் ஆறு பெருங் கம்பனிகள் சந்தையின் பெரும்பகுதியை ஆண்டன. தவறணைகளும் அவற்றின் உடைமையானமையால், எதை விற்பதென்பதை அவையே தீர்மானித்தன. திறந்த பீப்பா சில நாட்களே நிற்கும். அதைப் பேண நிலவறைக்காரனின் அனுபவமும் தேவை. குழாய்ப் பானமோ வாரக்கணக்கில் நிற்கும். திறனற்றவரும் அதை வார்க்கலாம். நாடெங்கும் ஒரே சுவை, ஒரே விளம்பரம். ஏகபோகத்துக்கு இதைவிட உகந்த பண்டம் எது? தொழிலாளியின் கைத்திறனும் அருந்துவோனின் தெரிவும் ஒருங்கே பறிபோயின.

இதனை எதிர்த்து 1971இல் நால்வர் தொடங்கிய 'மெய்யான ஏலுக்கான இயக்கம்' பெருகிப் பீப்பாவை அழிவிலிருந்து காத்தது. நுகர்வோர் ஒன்றுபட்டாற் பெருங் கம்பனிகளும் அசையும் என்பதற்கு அது நற்சான்று. 1989இல் அரசும் தலையிட்டது: 2,000க்கு மேற்பட்ட தவறணைகளை உடைய ஆலைகள், மேலதிகமானவற்றிற் பாதியைத் தம் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. விளைந்தது யாது? ஆலைகள் விற்ற தவறணைகளைப் பெருங் கட்டட உடைமைக் கம்பனிகள் வாங்கின. குத்தகைக்காரர் பழைய எசமானை விட்டுப் புதிய எசமானிடம் சிக்கினர்.

பூக்கொய்த குடும்பங்களோ இவ்வியக்கம் தோன்றுமுன்பே பெரும்பாலும் மறைந்துவிட்டன. 1950களிலும் 1960களிலும் இயந்திரங்கள் அவர்களின் இடத்தைப் பிடித்தன. அவர்களின் கூலிக்காக அன்று இத்துணைப் பெரிய இயக்கம் எழவில்லை. சுவையை மீட்டோரின் வெற்றி மெய்யானதே. அதை நாம் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும், உடைமையைத் தொடாத போராட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் அந்தக் கசப்பு ஏலின் வரலாறே காட்டுகின்றது.