கட்டிலைத் துறந்த பிரிகேடியர்

கோரைப்பாயில் படுத்து வளர்ந்தவன் நான். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றால் பலருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் கட்டில் தாத்தாவுக்கு மட்டும்தான். அதனால் பட்டாளத்தில் சேர்ந்து ஜம்முப் பக்கம் நௌஷேராவுக்கு மாற்றலாகிப் போன புதிதில், "பிரிகேடியர் உஸ்மான் சாப் இங்கே மூணு மாசம் பாயிலதான் படுத்தார்" என்று சுபேதார் சாப் சொன்னபோது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. பிறகு டிசம்பர் வந்தது. பங்கருக்குள் கீழே இரண்டு கம்பளி, மேலே இரண்டு கம்பளி. அப்படியும் மண்ணின் குளிர் முதுகுத்தண்டில் ஏறியது. விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். மறுநாள் சுபேதார் சாப்பிடம் போய், அவரைப் பற்றி முழுதாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

முகமது உஸ்மான் 1912 ஜூலை 15 அன்று, அன்றைய ஆசம்கர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். சாண்ட்ஹர்ஸ்டில் பயின்றவர். பலூச் ரெஜிமென்ட் அதிகாரி. இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையைப் பார்த்தவர். 1947 பிரிவினையில் பலூச் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்குப் போனது. ரெஜிமென்ட் என்பது பட்டாளத்துக்காரனுக்கு இன்னொரு பிறந்த வீடு. கூடச் சாப்பிட்டவர்கள், கூடச் சண்டை போட்டவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். இவரையும் வரச்சொல்லி வற்புறுத்தினார்கள். இவர் இந்தியாவிலேயே இருந்தார். டோக்ரா ரெஜிமென்டுக்கு மாற்றப்பட்டார். அந்த ஒரு முடிவுக்காகவே அவரைக் கும்பிடலாம் என்பேன்.

அந்த ஆண்டே காஷ்மீருக்காகப் பாகிஸ்தானோடு போர் மூண்டது. டிசம்பர் 24 அன்று ஜங்கர் நம் கைவிட்டுப் போனது. மீர்ப்பூர்ச் சாலையும் கோட்லிச் சாலையும் கூடுகிற இடம் அது. அதைப் பிடித்தவனுக்கு நௌஷேராவின் மேல் கண். 50ஆவது பாராசூட் பிரிகேடின் தலைவராக இருந்த உஸ்மான் அப்போதுதான் சபதம் எடுத்தார்: ஜங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை. தளபதியின் கூடாரத்தில் கட்டில் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அவரே தனக்கு விதித்துக்கொண்டது அது.

1948 பிப்ரவரி 6 அன்று விடியும் முன்பே நௌஷேராவின் மேல் எதிரிகள் ஆயிரக்கணக்கில் பாய்ந்தார்கள். தைந்தார் முகட்டில் ஒன்பது பேர் மட்டுமே இருந்த ஒரு காவல் முனையை நாயக் ஜதுநாத் சிங் கட்டிக் காத்தார். கூட இருந்தவர்கள் எல்லாம் அடிபட்டு விழுந்த பிறகு, ஸ்டென் துப்பாக்கியோடு தனியாக வெளியே பாய்ந்து எதிரிகளை விரட்டி, அங்கேயே உயிரை விட்டார். பரம்வீர் சக்கரம் அவருக்குக் கிடைத்தது. நம் தரப்பில் 33 பேர் இறந்தார்கள், 102 பேர் காயம்பட்டார்கள். நௌஷேரா நிலைத்தது. அன்றைக்குக் குண்டுமழைக்கு நடுவே செய்தி கொண்டு ஓடியவர்களில் சின்னப் பையன்களும் உண்டு. ஆதரவற்றுத் திரிந்த அந்தப் பிள்ளைகளைச் சேர்த்து, சோறும் படிப்பும் கொடுத்து வைத்திருந்தவர் உஸ்மான். அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவர் தலைக்கு எதிரித் தரப்பில் 50,000 ரூபாய் விலை வைத்தார்கள்.

மார்ச் 18 அன்று ஜங்கர் மீண்டது. இனி கட்டிலில் படுக்கலாம் என்றால் பிரிகேட் தலைமையகத்தில் கட்டிலே இல்லை! பக்கத்துக் கிராமத்தில் இரவல் வாங்கி வந்து போட்டார்கள். இந்த இடத்தைச் சொல்லும்போது சுபேதார் சாப்பின் குரல் கம்மிவிடும்.

அதன்பின் அவர் கட்டிலில் படுத்தது மூன்றரை மாதம். ஜூலை 3 மாலை, அதே ஜங்கரில், பீரங்கிக் குண்டு ஒன்று அவர் அருகே விழுந்தது. 36 வயது நிறைய இன்னும் 12 நாள் இருந்தது. அந்தப் போரில் உயிர்விட்ட இந்திய அதிகாரிகளில் அவரைவிட உயர்ந்த பதவியில் இருந்தவர் யாரும் இல்லை. டெல்லியில் அரசு மரியாதையோடு அடக்கம் நடந்தது. பிரதமர் நேரு வந்தார். கவர்னர் ஜெனரலாகி இரண்டு வாரமே ஆகியிருந்த நம் ராஜாஜியும் வந்து நின்றார். பின்னாளில் மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை டெல்லிக்குப் போய் அவர் கபரைப் பார்த்துவிட்டு வந்தேன். 2020 கடைசியில் அது உடைந்து கிடப்பதாகச் செய்தி வந்தபோது அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ராணுவம் அதைச் சீர்செய்துவிட்டது. டெல்லி போகிறவர்கள் செங்கோட்டையும் குதுப்மினாரும் பார்த்து முடித்தபின், ஓக்லாவில் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் இருக்கும் கபர்ஸ்தானுக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.